நூற்றில் ஒன்று ஏன் திரும்பி வருகிறது?

எத்தீரியம் என்ற பிளாக்செயினோடு செயலிகள் பேச உதவும் நிரல் தொகுப்பு (கிளையண்ட் லைப்ரரி) ஒன்றை ஏழு வருடமாகப் பராமரித்து வருகிறேன். லைப்ரரி எழுதுபவர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் நான்கை இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டிரான்சாக்‌ஷனைத் தயாரித்து, கையெழுத்துப் போட்டு, நோடுக்கு, அதாவது எத்தீரியம் நெட்வொர்க்கின் கணினிக்கு, அனுப்பும் சின்ன லைப்ரரி ஒன்றை எழுதியிருக்கிறேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் நூறு அனுப்பினால் ஒன்றை நோடு ஏற்க மறுக்கிறது. அதையே திரும்பக் கையெழுத்திட்டு அனுப்பினாலும் அதே பிழை. தொகையில் ஒரு வெய் (எத்தீரியப் பணமான ஈதரின் மிகச் சிறிய அலகு) கூட்டினால் போய்விடுகிறது. கோளாறு நோடிலா, மேடம்?

பதில்: நோடு சரியாகத்தான் இருக்கிறது. துப்பு உங்கள் கேள்வியிலேயே கிடக்கிறது. ஒரே டிரான்சாக்‌ஷன் எப்போதும் அதே பிழையைத் தருகிறது, துளி மாற்றினால் சரியாகிறது என்றால், கோளாறு நெட்வொர்க்கில் இல்லை, கையெழுத்தின் பைட்டுகளில் இருக்கிறது. இன்றைய கையெழுத்து நிரல்கள் பெரும்பாலும் ஒரே செய்திக்கு ஒரே கையெழுத்தைத்தான் தரும். செய்தி மாறினால் கையெழுத்து அடியோடு மாறும்.

கையெழுத்தில் ஆர், எஸ் என்று இரண்டு பெரிய எண்கள் உண்டு. நீங்கள் இரண்டையும் 32 பைட் பெட்டியில் வைத்து அப்படியே அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். டிரான்சாக்‌ஷனைப் பொதியும் ஆர்.எல்.பி. முறையில் எண்ணுக்கு முன்னால் வெற்று சைபர் பைட் இருக்கக் கூடாது. ஆர் எண்ணின் முதல் பைட் சைபராக அமைய வாய்ப்பு 256-க்கு ஒன்று. எஸ் எண்ணின் மதிப்பு வரம்பில் மேல் பாதியை எத்தீரியம் ஏற்பதில்லை என்பதால் அதற்கு வாய்ப்பு இரட்டிப்பு, 128-க்கு ஒன்று. இரண்டையும் கூட்டுங்கள்: ஏறக்குறைய 85-க்கு ஒன்று. உங்கள் ‘நூறில் ஒன்று’ அதுதான்.

டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? எத்தீரியத்தின் விதிகளில் ஒன்றான இ.ஐ.பி.-155 ஆவணத்தில் ஒரு மாதிரி டிரான்சாக்‌ஷன் இருக்கிறது. பிரைவேட் கீ (கையெழுத்திடும் ரகசிய எண்) முழுக்க 46, 46 என்று போகும், நான்ஸ் (அந்தக் கணக்கு அனுப்புவதன் வரிசை எண்) 9, முடிவில் கையெழுத்தின் மூன்றாவது எண்ணான வி மதிப்பு 37. புதிதாக எழுதுபவர்கள் பலர் முதலில் அதைத்தான் டெஸ்டாக வைப்பார்கள், நானும் வைத்தேன். அதில் ஆர், எஸ் இரண்டுமே முழு 32 பைட். இந்தப் பிழை அங்கே எட்டிக்கூடப் பார்க்காது.

திருத்தும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சைபரை வெட்டுவது எண்களுக்கு மட்டும். முகவரி என்பது எண் அல்ல, அது 20 பைட். சைபரில் தொடங்கும் முகவரியையும் சேர்த்து வெட்டினால் 19 பைட்டாகிவிடும். அதே கையெழுத்தை பிளாக்செயினில் ஓடும் நிரலான ஒப்பந்தத்துக்குள் சரிபார்க்க 65 பைட்டாகத் தரும்போதும் வெட்டக் கூடாது, அங்கே முழு 32 வேண்டும். அப்புறம், நான்ஸ் பூஜ்யமாக இருந்தால் அதைப் பூஜ்ய பைட்டாக எழுதாமல் வெற்றுச் சரமாக எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் புதுக் கணக்கின் முதல் டிரான்சாக்‌ஷன் மட்டும் போகாது.

ஆயிரம் டிரான்சாக்‌ஷனுக்குக் கையெழுத்திடுங்கள். சைபரில் தொடங்குபவை பத்துப் பன்னிரண்டு கிடைக்கும். அவற்றை வேறொரு லைப்ரரியின் வெளியீட்டோடு பைட் பைட்டாக ஒப்பிட்டு, நிரந்தர டெஸ்டாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: டிரான்சாக்‌ஷனை அனுப்பி 30 விநாடி ஆகியும் நோடு பதில் தராவிட்டால், லைப்ரரியே மறுபடி அனுப்பலாமா? பயன்படுத்துபவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: எதை மறுபடி அனுப்புகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன்.

ஆரம்ப காலத்தில் என் லைப்ரரியில் இப்படி எழுதியிருந்தேன்: பதில் வரவில்லையா, நோடிடம் அடுத்த நான்ஸ் என்ன என்று கேள், புதிதாகக் கையெழுத்திடு, அனுப்பு. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு நாள் ஒருவரிடமிருந்து கடிதம். முதல் டிரான்சாக்‌ஷன் நோடுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. நோடு அதையும் எண்ணி அடுத்த நான்ஸைக் கொடுத்தது, என் லைப்ரரி அதே தொகையை இரண்டாம் முறை அனுப்பியது. இரண்டும் பிளாக்கில், அதாவது சங்கிலியின் பதிவேட்டில், ஏறின. அதிகப்படியாகப் போன பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

பதில் வரவில்லை என்றால் ‘போகவில்லை’ என்று அர்த்தம் இல்லை. ‘தெரியவில்லை’ என்றுதான் அர்த்தம். அதைத் தெரியவில்லை என்றே சொல்வது லைப்ரரியின் கடமை. என் லைப்ரரி இப்போது மூன்று விடைதான் தரும்: ஏறிவிட்டது, மறுக்கப்பட்டது, தெரியவில்லை.

டிரான்சாக்‌ஷனின் ஹேஷை, அதாவது அதன் அடையாள எண்ணை, நோடு சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கையெழுத்திட்ட பைட்டுகளின் கெச்சாக்-256 என்ற கணக்கு முறையில் வரும் ஹேஷ்தானே அது! அனுப்பும் முன்பே கணக்கிட்டு, பயன்படுத்துபவர் கையில் கொடுத்துவிடுங்கள். மறுபடி அனுப்ப வேண்டுமா, அதே கையெழுத்திட்ட பைட்டுகளை எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்புங்கள். நான்ஸ் ஒன்றே என்பதால் பணம் ஒரு முறைக்கு மேல் போகாது. ‘ஏற்கனவே தெரியும்’ என்று நோடு பதில் தந்தால் அதைப் பிழையாக எறியாதீர்கள், நல்ல செய்தி அது. ‘நான்ஸ் குறைவு’ என்று வந்தாலும் பதறாமல் அந்த ஹேஷுக்கு ரசீது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் டிரான்சாக்‌ஷனே ஏறியிருக்கலாம்.

ஏறிவிட்டது என்பதும் உடனே முடிவானதில்லை. சங்கிலியின் நுனி பிளாக் சில சமயம் மாற்றப்படும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் பிளாக்குகளை உறுதிசெய்யும் முறையை மாற்றிய மெர்ஜ் முடிந்த பிறகு, பிளாக் முடிவாகிவிட்டதா என்று நோடிடமே கேட்கலாம். வழக்கமாக 13 நிமிடம் பிடிக்கும். பெரிய தொகைக்கு அதுவரை காத்திருக்க உங்கள் லைப்ரரியில் ஒரு வழி இருக்கட்டும்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் தொகையைச் சாதாரண எண்ணாக வாங்கலாமா? பயன்படுத்த எளிதாக இருக்குமே.

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு ஈதர் என்பது 1-க்குப் பின் 18 சைபர் வெய். ஜாவாஸ்கிரிப்ட் எண் பிசகாமல் தாங்குவது 9007199254740991 வரைதான். அது 0.009 ஈதரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பெரிய முழு எண்ணுக்கான பிக்இன்ட்டாகவோ சரமாகவோ வாங்குங்கள். சாதாரண எண் வந்தால் சத்தமாகப் பிழை கொடுங்கள்.

கேள்வி: லைப்ரரியைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஹார்ட் ஃபோர்க்குக்கும் (நெட்வொர்க்கின் விதி மாற்றத்துக்கும்) ஓடி ஓடி அலுத்துவிட்டது. நன்றாக உதவும் ஒருவர் ரிலீஸ் உரிமை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. 2021 ஆகஸ்டில் லண்டன், 2024 மார்ச்சில் டென்கூன், 2025 மே மாதம் பெக்ட்ரா. ஒவ்வொன்றும் ஒரு புது டிரான்சாக்‌ஷன் வகையைக் கொண்டுவந்தது. நாம் தூங்கினாலும் சங்கிலி நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

உதவிக்கு ஆள் சேர்க்க வேண்டும். ஆனால் நிரலைச் சேர்க்கும் உரிமை வேறு, ரிலீஸ் செய்யும் உரிமை வேறு. முதலாவதைத் தாராளமாகக் கொடுங்கள். இரண்டாவதை உங்களையும் சேர்த்து எந்தத் தனி ஆளிடமும் விடாதீர்கள். 2024 டிசம்பரில் சொலானா என்ற வேறொரு பிளாக்செயினின் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்கு நடந்ததைப் பாருங்கள். ரிலீஸ் உரிமை உள்ள ஒரு கணக்கு களவாடப்பட்டு, பிரைவேட் கீயைத் திருடும் நிரலோடு 1.95.6, 1.95.7 என்று இரண்டு பதிப்புகள் வெளியாகிவிட்டன. சில மணி நேரத்தில் அகற்றிவிட்டார்கள். ஆனாலும் அந்த இடைவெளியில் இறக்கியவர்களின் கீகள் ஆபத்தில் சிக்கின.

என் லைப்ரரியில் யாருடைய கணினியிலிருந்தும் ரிலீஸ் போகாது. பில்ட் சர்வர்தான் வெளியிடும், அதற்கும் இருவர் ஒப்புதல் வேண்டும். பிறருடைய பேக்கேஜ்களை நான்கோடு நிறுத்தியிருக்கிறேன், அவற்றின் பதிப்பையும் பூட்டி வைத்திருக்கிறேன்.

அப்படியும் முடியவில்லை என்றால் நிறுத்துவதில் தவறே இல்லை. இந்தத் துறையின் மூத்த லைப்ரரியான வெப்3.ஜேஎஸ் கூட 2025 மார்ச்சில் பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. ஆனால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். முகப்பில் தேதியைப் போடுங்கள், எந்த ஹார்ட் ஃபோர்க் வரை சோதித்தீர்கள் என்று எழுதுங்கள், மாற்று லைப்ரரிக்குப் போகும் வழியைக் காட்டுங்கள். பேக்கேஜின் பெயரை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பெயரை நம்பி இறக்குபவர்களுக்கு அதன் பின்னால் ஆள் மாறியது தெரியாது.