கணினிக் கேள்வி பதில்: தரவுத்தளம் ஏன் தாமதிக்கிறது?

கேள்வி: நெல்லை டவுன் ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடையின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் பில் மென்பொருள் மை எஸ்கியூஎல் 8.0 தரவுத்தளத்தில் இயங்குகிறது. வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணைத் தட்டினால் அவருடைய பழைய கணக்கு உடனே திரையில் வரும். இப்போது அதற்கு ஏழெட்டு நொடி ஆகிறது. ஆனித் தேரோட்டத்தன்றும் தீபாவளி வாரத்திலும் கூட்டம் வாசல் வரை நிற்கிறது. புதிய சர்வர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முதலாளி அண்ணாச்சியிடம் சிலர் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— ஜவுளிக் கடை ஊழியர், திருநெல்வேலி டவுன்

பதில்: இப்போது வாங்க வேண்டாம். எந்த வினவல் (தரவுத்தளத்திடம் மென்பொருள் கேட்கும் கேள்வி) தாமதிக்கிறது, ஏன் தாமதிக்கிறது என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் செலவிடும் பணம் பெரும்பாலும் வீணாகிவிடும். முன்பு விரைவாக நடந்த தேடல் ஆண்டுக்கு ஆண்டு மெதுவாகி வருகிறது என்றால், பதிவுகள் பெருகப் பெருகத் தேடும் வேலையும் பெருகுகிறது என்று பொருள். இரு மடங்கு வேகமுள்ள சர்வர் அதைச் சில காலம் மறைத்துவைக்குமே தவிரத் தீர்க்காது.

முதல் வேலை ஸ்லோ கொயரி லாக் என்னும் பதிவேட்டை இயக்குவது. மை எஸ்கியூஎல் நிறுவப்படும்போது அது அணைந்தே இருக்கும். அதை இயக்கினாலும், 10 நொடிக்கு மேல் எடுக்கும் வினவல்களை மட்டும் எழுதும்படிதான் முன்னிருப்பு அமைப்பு உள்ளது; உங்கள் ஏழெட்டு நொடி வினவல் அதில் சிக்கவே சிக்காது. ஆகவே லாங் கொயரி டைம் அளவை 1 நொடிக்கோ அரை நொடிக்கோ குறைத்து, கூட்டமுள்ள ஒரு நாள் முழுவதும் ஓடவிடுங்கள். மறுநாள் மை எஸ்கியூஎல் டம்ப் ஸ்லோ என்ற கருவியைக் கொண்டு, ஒரே வடிவ வினவல்களை ஒன்றுசேர்த்து, மொத்த நேரப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரு தடவைக்கு இருபது நொடி எடுத்து நாளில் ஒரே முறை ஓடும் அறிக்கையைவிட, ஒரு நொடி எடுத்து ஒவ்வொரு பில்லுக்கும் ஓடும் வினவலே கடைக்குப் பெரிய சுமை.

குற்றவாளி வினவல் கிடைத்ததும், அதன் முன்னால் எக்ஸ்பிளெய்ன் என்ற கட்டளையைச் சேர்த்து ஓட்டுங்கள். அந்த வினவலுக்கு விடை காணத் தரவுத்தளம் எந்த வழியில் போகப்போகிறது என்பதை அது காட்டும். டைப் என்ற இடத்தில் ஆல் என்றும், கீ என்ற இடத்தில் நல் என்றும் இருந்தால், அட்டவணையின் முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை படிக்கப்படுகிறது என்று பொருள். எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்று எழுதினால் வினவல் உண்மையிலேயே ஓட்டப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஆன நேரம் தெரியவரும். இந்த வசதி 8.0.18 பதிப்பு முதல் உண்டு.

உங்கள் கடையில் செல்பேசி எண்ணுக்கு இன்டெக்ஸ் (பதிவை விரைவாகத் தேட உதவும் வரிசைப்படுத்திய பட்டியல்) இருந்தும் அது பயன்படாமல் போயிருக்கலாம் என்பது என் வலுவான ஐயம். எண் பெரும்பாலும் எழுத்து வகை நெடுவரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். மென்பொருள் எழுதியவர் அதை மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாக அனுப்பியிருந்தால், மை எஸ்கியூஎல் ஒவ்வொரு பதிவிலும் உள்ள எழுத்தை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். முன்னால் சுழியம் இட்டதும், முன்னால் இடைவெளி விட்டதும், எதுவும் இடாததும் எண்ணாக மாற்றியபின் ஒன்றாகிவிடும். எழுத்து வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸிலோ அவை மூன்றும் வெவ்வேறு இடங்களில் கிடக்கும். அதனால்தான் இன்டெக்ஸ் ஒதுக்கப்பட்டு முழு அட்டவணையும் வாசிக்கப்படுகிறது. எக்ஸ்பிளெய்ன் கொடுத்த கையோடு ஷோ வார்னிங்ஸ் கொடுத்துப் பாருங்கள். வகை மாற்றத்தால் இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் ஐயம் உறுதியாகிவிடும். இதற்கான மருந்து இரண்டு மேற்கோள் குறிகள் மட்டுமே.

தேதி அறிக்கைகளிலும் இதே நோய் பரவலாக உண்டு. பில் தேதி நெடுவரிசையை டேட் என்ற சார்புக்குள் வைத்து ஒரு நாளோடு ஒப்பிட்டால், அந்த நெடுவரிசையின் இன்டெக்ஸ் பயன்படாது. குறித்த நாளின் நள்ளிரவு முதல், மறுநாள் நள்ளிரவுக்கு முன் வரை என்று எல்லையாக எழுதினால் அதே விடை இன்டெக்ஸ் வழியாக வரும். கிளை, தேதி என்ற இரண்டையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸாக அமைப்பதாயின், வரிசை மிக முக்கியம். ஊர்வாரியாகவும், ஊருக்குள் பெயர்வாரியாகவும் எழுதிய பேரேட்டில் ஊர் தெரியாமல் பெயரை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அதுபோலக் கிளை முதலிலும் தேதி பின்னும் உள்ள இன்டெக்ஸ், தேதியை மட்டும் கேட்கும் வினவலுக்குப் பெரிதாக உதவாது. அதற்காக எல்லா நெடுவரிசைகளுக்கும் இன்டெக்ஸ் போட்டுவிடவும் கூடாது. ஒவ்வொரு புதிய பில்லும் ஒவ்வொரு இன்டெக்ஸிலும் எழுதப்பட வேண்டும் என்பதால், தேடல் விரைவாகி, பில் போடுவது மெதுவாகிவிடும்.

இவ்வளவும் செய்தபின் நினைவகத்தைப் பாருங்கள். மை எஸ்கியூஎலில் தரவைச் சேமித்துக் கையாளும் பகுதியின் பெயர் இன்னோடிபி; அது வட்டிலிருந்து படித்ததை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூல் என்னும் தற்காலிகச் சேமிப்பின் முன்னிருப்பு அளவு 128 எம்பி மட்டுமே. 16 ஜிபி நினைவகமுள்ள சர்வரிலும் யாரும் மாற்றாவிட்டால் அவ்வளவுதான். அந்தக் கணினி தரவுத்தளத்துக்கு மட்டும் என்றால் பாதிக்குக் குறையாமல் ஒதுக்கலாம்; பில் மென்பொருளும் அதிலேயே ஓடினால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். பஃபர் பூல் ரீட்ஸ் (வட்டுக்குப் போய்ப் படித்தவை) என்ற எண்ணிக்கை, ரீட் ரிக்வெஸ்ட்ஸ் (மொத்த வாசிப்புக் கோரிக்கைகள்) என்ற எண்ணிக்கையோடு ஒப்பிட மிகச் சிறியதாக இருந்தால், வட்டுக்குப் போகாமலே பெரும்பாலான வாசிப்பு முடிகிறது என்று அறியலாம். வினவலின் விடையைச் சேமித்துவைக்கும் கொயரி கேஷ் அளவைக் கூட்டச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். அந்த வசதியே 8.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மறுபடி அளந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். புதிய இன்டெக்ஸ் போடுவதைக் கடை அடைத்தபின், காப்பு நகல் எடுத்துவிட்டுச் செய்வதே நல்லது.

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் எடை மேடை, கிட்டங்கி, அலுவலகம் ஆகிய மூன்று இடங்களிலிருந்து ஒரே தரவுத்தளத்தில் பதிவு செய்கிறோம். நெல் வரத்து அதிகமுள்ள நாள்களில் திரை அப்படியே நின்று, ஒரு நிமிடம் போலக் கழித்து ‘லாக் வெயிட் டைம்அவுட்’ என்ற பிழை வருகிறது. சர்வரின் வேகம் போதவில்லையா?
— கணக்கர், அம்பாசமுத்திரம்

பதில்: வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒருவர் பூட்டிய பதிவுக்காக மற்றொருவர் காத்திருக்கிறார். இன்னோடிபி 50 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிடுகிறது. அந்த 50 நொடியைக் குறைத்தால் பிழை சீக்கிரம் வரும், அவ்வளவே. பூட்டியவர் யார் என்பதுதான் கேள்வி. திரை நிற்கும் அந்த நேரத்திலேயே, சிஸ் தொகுப்பில் உள்ள இன்னோடிபி லாக் வெயிட்ஸ் என்ற காட்சியைப் பாருங்கள். காத்திருப்பவர், காக்கவைப்பவர் இருவரின் இணைப்பு எண்களையும் அது தரும்.

இத்தகைய மென்பொருள்களில் அடிக்கடி காணும் காரணம் ஒன்று உண்டு. வண்டி எடைமேடையில் ஏறியதும் பரிவர்த்தனை (ஒன்றாகவே முடிய வேண்டிய பதிவு வேலைகளின் தொகுப்பு) தொடங்கப்பட்டு, இருப்புப் பதிவும் திருத்தப்பட்டு, ஊழியர் சேமி என்ற பொத்தானை அழுத்தும் வரை அது முடிக்கப்படாமல் கிடக்கும். அந்த ஊழியர் லாரி ஓட்டுநரோடு பேசப் போய்விட்டால், அதே இருப்புப் பதிவைத் தொடவேண்டிய கிட்டங்கியும் அலுவலகமும் நின்றுவிடும். மனிதரின் விரலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பரிவர்த்தனை திறந்திருக்கவே கூடாது. எல்லா விவரமும் திரையில் நிரம்பியபின் தொடங்கி, எழுதி, உடனே முடித்துவிட வேண்டும். இதை மென்பொருள் எழுதியவரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். திருத்தும் வினவலின் நிபந்தனைக்குரிய இன்டெக்ஸ் இல்லாவிட்டால், முன்னிருப்பு நிலையில், தேடும்போது கடந்துசென்ற பதிவுகள் எல்லாம் பூட்டப்படும் என்பதையும் அவர் சரிபார்க்கட்டும்.

கேள்வி: பரிசோதனைக்கூடம் ஒன்றில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறோம். பழைய முடிவுகளை லட்சக்கணக்கில் அழித்தும் வட்டில் இடம் கூடவில்லை, தேடலும் விரைவாகவில்லை. ஏன்?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவை அழிக்கும்போது அதை உடனே அகற்றுவதில்லை. பழைய நிலையை இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும் வேறொரு பரிவர்த்தனைக்காக விட்டுவைக்கிறது. பிறகு வேக்கம் என்ற துப்புரவு வேலை வந்து அந்த இடத்தை மறுபயன்பாட்டுக்கு விடுகிறது. இடம் அந்த அட்டவணையின் புதிய பதிவுகளுக்குப் பயன்படுமே அன்றி, பெரும்பாலும் இயங்குதளத்துக்குத் திரும்பாது. ஆகவே வட்டில் இடம் கூடாதது இயல்பானதே.

தேடல் விரைவாகாதது கவனிக்க வேண்டியது. பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸ் என்ற காட்சியில் இறந்த பதிவுகளின் எண்ணிக்கையையும், கடைசியாக ஆட்டோவேக்கம் நடந்த நேரத்தையும் பாருங்கள். முன்னிருப்பாக, அட்டவணையின் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 50 பதிவுகளும் இறந்த பிறகே ஆட்டோவேக்கம் தொடங்கும். பெரிய அட்டவணைக்கு அது மிகத் தாமதம் என்பதால், அந்த அட்டவணைக்கு மட்டும் விகிதத்தைக் குறைத்து அமைக்கலாம். ஆட்டோவேக்கம் ஓடியும் இறந்த பதிவுகள் குறையவில்லை என்றால், எங்கோ ஓர் இணைப்பு பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் சும்மா கிடக்கிறதா என்று தேடுங்கள். வேக்கம் ஃபுல் கட்டளை இடத்தைத் திருப்பித் தரும். ஆனால் அது முடியும்வரை அந்த அட்டவணையை யாரும் வாசிக்கக்கூட முடியாது. நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தில் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: காய்கறிக் கமிஷன் கடையில் அதிகாலை ஏல நேரத்தில் பதிவு மெதுவாக நடக்கிறது. மை எஸ்கியூஎலின் ஃப்ளஷ் லாக் அட் டிரான்ஸாக்ஷன் கமிட் என்ற அமைப்பை 1 என்பதிலிருந்து 2 என்று மாற்றினால் பறக்கும் என்கிறார்கள். மாற்றலாமா?
— வாசகர், பாவூர்சத்திரம்

பதில்: வேகம் கூடும் என்பது உண்மைதான். 1 என்று இருக்கும்போது, ஒவ்வொரு பரிவர்த்தனையும் முடிந்ததும் அதன் குறிப்பு வட்டில் உறுதியாகப் பதிந்த பிறகே அடுத்த வேலை நடக்கிறது. 2 என்று மாற்றினால் குறிப்பு இயங்குதளத்திடம் ஒப்படைக்கப்பட்டு, ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறையே வட்டில் பதியும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் கடைசி ஒரு நொடியின் பதிவுகள் அழிந்துபோகலாம். ஏலம் சூடாக நடக்கும் ஒரு நொடியில் விவசாயி கொண்டுவந்த தக்காளியும் கத்தரிக்காயும் அவற்றின் விலையும் இருக்கின்றன; அவருக்குச் சேரவேண்டிய தொகையை அப்படிப் பணயம் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். 1 என்றே இருக்கட்டும். ஒரு வியாபாரிக்கு எழுதும் பத்து வரிகளைப் பத்துப் பரிவர்த்தனைகளாக அனுப்பாமல் ஒரே பரிவர்த்தனையாக அனுப்பச் செய்யுங்கள். வட்டில் உறுதிசெய்யும் வேலை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். இன்னும் பழைய சுழலும் வட்டுத்தான் என்றால் எஸ்எஸ்டி வட்டுக்கு மாறுங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் பணம் செலவிடச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.