நடுவில் இருக்கும் வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு ஆண்டுகள் கழித்து உறவினர்களைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புகிறோம். நான்கு ஊர்களில் இருக்கிறார்கள். யார் வீட்டில் தங்கினாலும் மற்றவர்களுக்கு மனத்தாங்கல். அதனால் கிராமப்புறத்தில் ஒரு விடுமுறை இல்லத்தை ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கலாம் என்றிருக்கிறோம். நான்கு ஊர்களுக்கும் நடுவில் பார்த்தால் சரிதானே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நடுவில் பார்க்காதீர்கள். உறவினர்களில் மிக மூத்தவர் யார், அவரால் எவ்வளவு நேரம் காரில் உட்கார முடியும் என்று முதலில் கேளுங்கள். வீடு அவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இளையவர்கள் இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டுகூட வந்துவிடுவார்கள்.

நானும் ஒருமுறை எல்லோருக்கும் சமதூரமாக ஒரு வீடு பிடித்தேன். மேட்டின் மேல், அழகான வீடு. பெரியம்மா வந்து இறங்கினார். வாசலுக்குப் பதினான்கு படிகள், கைப்பிடி கிடையாது. இரண்டு படி ஏறியவர் நின்று, திரும்பிவிட்டார். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினோம். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள். கிராமத்துச் சாலை குறுகலாக, வளைவுகளோடு, பெரும்பாலும் விளக்கில்லாமல் இருக்கும். இரவு உணவு முடித்துத் தூங்கும் குழந்தைகளோடு அதே வழியில் திரும்ப வேண்டும். செல்பேசியில் சிக்னலும் இல்லாமல் போகலாம். வழியை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய்ப் பார்ப்பதைவிட அவர்கள் உங்களிடம் வருவதுதான் இதில் பெரிய மகிழ்ச்சி. ஆறு பேர் படுக்கும் வீட்டில் பெரும்பாலும் ஆறு நாற்காலிகள்தான் இருக்கும். பகலில் பதினைந்து பேர் வந்து போகலாமா என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் விருந்தினரையும் சேர்த்தே ஆள்கணக்கு வைக்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு: பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் கழிவுநீர்த் தொட்டியை வீட்டில் தங்குபவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுத்தான் கட்டுவார்கள். கழிப்பறை தரைத்தளத்திலேயே ஒன்று வேண்டும். மூட்டுவலிக்காரர்களை மாடிக்கு அனுப்ப முடியாது.

நீச்சல்குளம், காட்சிமாடம் எல்லாம் பிறகு. முன்பணம் கட்டுவதற்கு முன் கார் நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.