வரலாறு படித்தபின் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத்தில் வரலாறு இறுதியாண்டு படிக்கிறேன். விரும்பித்தான் இந்தப் பாடத்தை எடுத்தேன். ஆனால் "ஆசிரியர் வேலையை விட்டால் வேறென்ன?" என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. பிற துறை மாணவர்களுக்குப் படிப்பின் பெயரிலேயே வேலையின் பெயரும் இருக்கிறது. நான் படிப்பது ஒரு தொழிலுக்கான படிப்புதானா?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

'வரலாற்றாய்வாளர்' என்ற பெயரோடு வரும் பணியிடங்கள் எங்குமே குறைவு. பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டமும், அதன்பின் நீண்ட காத்திருப்பும் வேண்டும். இதை மறைத்து உங்களுக்கு ஊக்கம் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு தாளைக் கையில் எடுத்ததும் இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார், வேறெந்தத் தாள் இதை மறுக்கிறது என்று கேட்கும் பழக்கம் இந்த மூன்றாண்டுகளில் உங்களுக்கு வந்திருக்கும். வேலை கிடைப்பது அந்தப் பழக்கத்துக்குத்தான்.

ஹாரி ஹின்ஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் வரலாறு படித்துக்கொண்டிருந்த அவர், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல், படிப்பை முடிக்காமலே பிளெட்ச்லி பார்க்கிலிருந்த பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையத்துக்கு அழைத்துக்கொள்ளப்பட்டார். ஜெர்மன் கடற்படையின் செய்திகளைப் படிக்க முடியாத நிலையில், அவை எந்த அலைவரிசையில், எப்போது, எவ்வளவு போகின்றன என்ற வெளித்தடயங்களிலிருந்தே அவர் பொருள் கண்டார். 1941இல், வட அட்லாண்டிக்கில் தனியே நின்ற ஜெர்மன் வானிலைக் கப்பல்களிலும், செய்திகளைச் சங்கேதமாக்கும் எனிக்மா இயந்திரம் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். எதிரி நெருங்கினால் அந்த மாதத்துக் குறியீட்டுத் தாள்களைக் கடலில் வீசிவிடுவார்கள்; மாதக்கணக்கில் கடலிலேயே நிற்கும் கப்பல் என்பதால் அடுத்த மாதத்துக்கானவை பெட்டகத்தில் பூட்டியே கிடக்கும் என்பது அவருடைய கணிப்பு. மே, ஜூன் மாதங்களில் இரண்டு கப்பல்கள் பிடிபட்டபோது அந்தத் தாள்கள் கிடைத்தன. ஆவணம் யார் கையில், எங்கே, எதற்காக இருக்கும் என்று யோசிப்பது முழுக்க முழுக்க வரலாற்று மாணவரின் யோசனை.

போர்க்காலம் மட்டுமல்ல. யூத இனப்படுகொலையை மறுப்பவர் என்று தன்னைக் குறிப்பிட்ட வரலாற்றாய்வாளர் டெபோரா லிப்ஸ்டாட் மீது எழுத்தாளர் டேவிட் இர்விங் தொடுத்த அவதூறு வழக்கு 2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்தது. அதில் வரலாற்றாய்வாளர் ரிச்சர்ட் எவன்ஸும் இரண்டு ஆய்வு மாணவர்களும் இர்விங்கின் நூல்களிலிருந்த அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக மூல ஆவணம் வரை தேடிச் சென்று சரிபார்த்தது லிப்ஸ்டாட்டுக்குச் சாதகமான தீர்ப்புக்குப் பெரிதும் உதவியது. நாஜிகள் பறித்த கலைப்பொருட்கள் குறித்து 1998இல் 44 நாடுகள் வாஷிங்டனில் ஒப்புக்கொண்ட நெறிமுறைகளுக்குப் பிறகு, ஓர் ஓவியம் யார் யார் கைமாறி வந்தது என்று ஆராய்பவர்களுக்கு அருங்காட்சியகங்களிலும் ஏல நிறுவனங்களிலும் தேவை கூடியது. ஆவணக் காப்பகம், சட்டம், இதழியல், ஆவணப்பட ஆய்வு, கொள்கை ஆய்வு ஆகிய துறைகளிலும் வரலாறு படித்தவர்கள் இருக்கிறார்கள்.

இவற்றுள் பலவற்றுக்கு வரலாற்றுப் பட்டம் மட்டும் போதாது. காப்பகப் பணிக்குப் பெரும்பாலும் தனிப் பட்டயமோ முதுகலையோ கேட்பார்கள்; வழக்கறிஞராகச் சட்டம் படித்தாக வேண்டும். எதற்குப் போவதானாலும் பழைய ஆவணங்களைப் படிக்க உதவும் ஒரு மொழியையோ, தரவுகளைக் கையாளும் ஒரு கருவியையோ இப்போதே கற்கத் தொடங்குங்கள். என்னைக் கேட்டால் மொழியைத்தான் முதலில் சொல்வேன். மொழிபெயர்ப்பை நம்பி நிற்பவர் இன்னொருவர் தேர்ந்து கொடுத்ததை மட்டுமே படிக்க முடியும்.

விண்ணப்பத்தில் "வரலாறு படித்தேன்" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை கோப்புகளைப் படித்தீர்கள், எந்த இரண்டு ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன, எதை ஏன் நம்பினீர்கள் என்பதை நான்கு வரிகளில் எழுதுங்கள். தேர்வு செய்பவருக்கு உங்கள் பாடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த நான்கு வரிகள் புரியும்.

உங்கள் இறுதியாண்டு ஆய்வேடு எதைப் பற்றியது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. எழுதியனுப்புங்கள், அந்த நான்கு வரிகளைச் சேர்ந்தே எழுதிப் பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்