மரம் கிடைச்சது ஒரு நாள்ல, பேர் வைக்க 48 வருஷம்!

'மழைக்காட்டுல புது மரம் கண்டுபிடிப்பு'ன்னு அப்பப்ப நியூஸ் வருதே, பூச்சி புழுன்னா சரி, ஒரு மரம் எப்படிங்க இத்தனை காலமா யார் கண்ணுலயும் படாம இருக்கும்?
*(தேனி வாசகர்)*

கண்ணுல படாமலாம் இல்லீங்க, நல்லாவே பட்டிருக்கும். அந்தக் காட்டு ஜனங்க அதுக்கு ஒரு பேர் கூட வெச்சிருப்பாங்க. 'புதுசு'ன்னா தாவரவியல் ரிஜிஸ்டர்ல இன்னும் ஏறலைன்னு மட்டும்தான் அர்த்தம். ஏத்துறதுதான் பெரும்பாடு.

பெரு நாட்டு மானு தேசியப் பூங்காவுல நடந்த கதையைக் கேளுங்க. 1973ல ராபின் ஃபாஸ்டர்ங்கிற தாவரவியலாளர் காட்டுப் பாதையில நடந்து போறப்ப ஒரு மரத்தைப் பார்த்தார். பெரிய மரமெல்லாம் இல்லை, 20 அடி இருக்கும். ஆனா அதோட காய்! ஆரஞ்சு கலர்ல பேப்பர் லாந்தர் தொங்கவிட்ட மாதிரி. நம்மூர் வயக்காட்டுல சொடக்குத் தக்காளி இருக்கும்ல, நெத்தியில அடிச்சு உடைச்சு விளையாடுவோமே, அதோட தோலை நினைச்சுக்குங்க. மனுஷன் கிளையை ஒடிச்சு, காகிதத்துக்கு நடுவுல வெச்சு அழுத்திக் காயவெச்சு எடுத்துட்டு வந்துட்டார். அந்தப் பக்கத்து மச்சிகெங்கா பழங்குடிகள் அந்த மரத்தை ரொம்ப காலமா பயன்படுத்திட்டுதான் இருந்திருக்காங்க, தெரியாதது படிச்சவங்களுக்குத்தான்.

அது எந்த இனம்னு தெரியலைன்னா பரவாயில்லை, அது சகஜம். எந்தக் குடும்பம்னே யாருக்கும் தெரியலை! ஒரு நல்ல தாவரவியலாளர் கிட்ட இலையும் பூவும் காயும் காட்டினா 'இது வேம்பு வகையறா, இது புளி வகையறா'ன்னு குடும்பத்தையாவது சொல்லிடுவார். இதைப் பார்த்தவங்க எல்லாரும் 'எங்க வீட்டுப் புள்ளை இல்லைங்க'ன்னு கையை விரிச்சுட்டாங்க, பாவம் அந்த மரம், குலம் கோத்திரம் தெரியாம பீரோவுக்குள்ள வருஷக்கணக்கா படுத்துக் கிடந்துச்சு.

டிஎன்ஏ டெஸ்ட் வந்த பிறகு பழைய காஞ்ச இலையில பண்ணிப் பார்த்தாங்க, வேலைக்கு ஆகலை. அப்புறம் மானு காட்டுல ரொம்ப வருஷம் வேலை பார்த்த பட்ரீசியா அல்வாரெஸ்ங்கிற ஆய்வாளர் அந்த மரத்தைத் தேடிப் பிடிச்சு இலை பறிச்சு, சிலிக்கா ஜெல்லுல காயவெச்சு (புது ஷூ டப்பாவுல 'சாப்பிடாதே'ன்னு ஒரு பொட்டலம் வருமே, அதேதான்) அனுப்பினாங்க. சிகாகோ ஃபீல்ட் மியூசியம் லேப்ல அதை ஓட்டிப் பார்த்தா பிக்ராம்னியேசியேன்னு ஒரு குட்டிக் குடும்பத்தோட பேர் வருது. மேலோட்டமா பார்த்தா அந்தக் குடும்பத்துக்கும் இதுக்கும் சாடை கூட கிடையாது, அதனால மியூசியம் ஆளுங்களுக்கே நம்பிக்கை வரலை, அந்தக் குடும்பத்துல கரை கண்ட நியூயார்க் தாவரவியல் பூங்காவோட வேய்ட் தாமஸ்கிட்ட அனுப்பி அவரும் பார்த்து அசந்து போய் ஒத்துக்கிட்ட பிறகுதான் விஷயம் முடிஞ்சது. புது இனம் மட்டுமில்லை, புதுப் பேரினமே (இனத்துக்கு மேல, குடும்பத்துக்குக் கீழ இருக்கிற படி). 2021ல பேர் வெச்சாங்க, 'ஏனிக்மானு அல்வரேசியே'. மானுவோட மர்மம்னு முதல் பாதிக்கு அர்த்தம், ரெண்டாவது பாதி இலை பறிச்ச அம்மாவுக்கு மரியாதை.

'சின்ன மரம்னாலதான் தவற விட்டாங்க'ன்னு நினைக்காதீங்க. 2017ல பிரேசில் அட்லாண்டிக் மழைக்காட்டுல 'டினிசியா ஜுவெய்ரானா ஃபகாவ்'னு ஒரு மரத்துக்குப் பேர் வெச்சாங்க, உயரம் 40 மீட்டர், எடை 62 டன் வரைக்கும் இருக்கும்னு கணக்கு! அத்தனை பெரிய ஆசாமி மொத்தமே 25 பேர்தான் அப்ப தெரிஞ்சது.

பேர் வைக்கணும்னா லத்தீன்ல எழுதணுமாமே, நிஜமாவா?
*(காரைக்குடி கல்லூரி மாணவி)*

பேர்தான் லத்தீன் ஜாடையில இருக்கணும். விவரிப்பும் லத்தீன்லதான்னு 1935லேருந்து கட்டாயமா இருந்துச்சு, 2012லேருந்து இங்கிலீஷும் போதும்னு மாத்திட்டாங்க. எத்தனை பேர் நிம்மதிப் பெருமூச்சு விட்டாங்களோ.

இதுல உயிர்நாடி ஒண்ணு இருக்கு, 'டைப் ஸ்பெசிமன்'னு சொல்ற அடையாளச் சான்று. காயவெச்சு ஒட்டின ஒரு கிளையை 'இந்தப் பேர் இதுக்குத்தான்'னு குறிச்சு ஹெர்பேரியத்துல (காயவெச்ச செடி கொடிகளைப் பத்திரப்படுத்துற காப்பகம்) வெச்சுடணும். நூறு வருஷம் கழிச்சு யாராவது சண்டைக்கு வந்தாலும் அந்த ஷீட்டை எடுத்துப் பார்த்துதான் பஞ்சாயத்து. அதுக்கு முன்னாடி பழைய பேப்பர் எல்லாம் தேடி, சொந்தக்கார இனங்களோட ஷீட்டை எல்லாம் பக்கத்துல வெச்சு, இலை நரம்பு, பூவிதழ் அளவு, கேசரம், விதைன்னு ஒவ்வொண்ணா ஒப்பிட்டு, 'இது அது இல்லை'ன்னு காட்டணும். காட்டுல அலையறதை விட இந்த மேஜை வேலைதான் ஆளைக் கொல்லும்.

நீங்க கேட்கலை, ஆனா மனசுல இருக்கும்: புது மரத்துக்கு நம்ம பேரை நாமே வெச்சுக்கலாமா? விதி தடுக்கலை. ஆனா கல்யாண வீட்டுல மொய் எழுதிட்டு மைக்கைப் பிடுங்கி நாமே அறிவிக்கிற மாதிரி இருக்கும், யாரும் செய்யறதில்லை.

டைட்டானிக் ஹீரோ பேர்ல மரம் இருக்குங்கிறது வாட்ஸ்அப் வதந்தியா?
*(வேலூர் வாசகர்)*

இந்த ஒரு தடவை வாட்ஸ்அப்பை நம்பலாம். 'யுவரியோப்சிஸ் டிகாப்ரியோ', 2022 ஜனவரியில லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்காரங்களும் கேமரூன் விஞ்ஞானிகளும் சேர்ந்து வெச்ச பேர். மரம் கேமரூன் நாட்டு எபோ காட்டுல இருக்கு. 2020ல அந்தக் காட்டை மரம் வெட்ட விட இருந்தாங்க, லியோனார்டோ டிகாப்ரியோவும் சோஷியல் மீடியாவுல குரல் கொடுத்தார், அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டுச்சு, அந்த நன்றிதான். சுமார் 4 மீட்டர் மரம், நம்ம பலா மாதிரி அடிமரத்துலயே பூக்கும், மஞ்சளும் பச்சையுமா. சீத்தாப்பழம், மனோரஞ்சிதம், நெட்டிலிங்கம் எல்லாம் இதே குடும்பம்தான், அதனால ஹீரோ நமக்குத் தூரத்து உறவு.

இன்னும் எத்தனை மரம் பாக்கி?
*(திருச்சி வாசகர்)*

2022ல ஒரு பெரிய ஆய்வு போட்ட கணக்குப்படி உலகத்துல சுமார் 73,000 மர இனம், அதுல 9,200 இன்னும் பேர் வைக்காதது. மத்த கண்டங்களை விட தென் அமெரிக்காவுலதான் அது அதிகம்.

எங்க எஸ்டேட் ஓரத்துல ஒரு மரம் நிக்குது. போன்ல போட்டோ எடுத்து ஆப்ல போட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேர் காட்டுது. புது இனமா இருக்குமோ?
*(வால்பாறை வாசகர்)*

ஆசையைக் கெடுக்கிறேன்னு நினைக்காதீங்க, ஆப் குழம்புறதுக்கு முக்கால்வாசி காரணம் நீங்க வெறும் இலையை மட்டும் காட்டுறதாத்தான் இருக்கும். பூவும் காயும் இல்லாம நிபுணருங்களே தடுமாறுவாங்க. ஆனாலும் மேற்குத் தொடர்ச்சி மலை ஆச்சே, சும்மா விடவும் வேணாம். பூ, காய், பட்டை, இலையோட ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேலை வெச்சு. எடுத்துக்கிட்டு கோயம்புத்தூர் போங்க, வேளாண் பல்கலைக்கழக வளாகத்துல இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட ஹெர்பேரியம் இருக்கு. இருக்கிறது கோவையில, பேர் 'மெட்ராஸ் ஹெர்பேரியம்', அட்ரஸ் கேட்கும்போது குழம்பாதீங்க. மரம் வனத்துறை எல்லைக்குள்ள இருந்தா அனுமதி இல்லாம கிளையில கை வெச்சுடாதீங்க. அது எந்த மாசம் பூக்குதுன்னு மட்டும் இப்போதைக்கு நோட்டுல எழுதி வைங்க, அங்க போனதும் முதல்ல கேட்கப் போறது அதைத்தான்.