ஃபைபர் ஒட்டு மூன்று நாளாகியும் இறுகவில்லையா?

கேள்வி: ஃபைபர் படகின் பக்கவாட்டில் இரண்டடி நீளத்துக்கு விரிசல். தேய்த்துவிட்டு 450 மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) நான்கு அடுக்கு வைத்து ஜிபி ரெசின் (பொதுப் பயன்பாட்டு பாலியெஸ்டர் ரெசின்) போட்டேன். மழைக்காலம் என்பதால் மேலே தார்ப்பாய் கட்டியிருந்தேன். மூன்று நாளாகியும் தொட்டால் ஒட்டுகிறது. ஒரு பக்கம் நகமே இறங்குகிறது. மேலே கொஞ்சம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) தடவினால் சரியாகிவிடும் என்கிறார்கள். தடவலாமா?

பதில்: வேண்டாம். மேலே தடவும் கேட்டலிஸ்ட் உள்ளே இறங்கிக் கலக்காது. மேல்தோல் மட்டும் கொஞ்சம் விறைக்கும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். அதைக் கெட்டியாகிவிட்டது என்று நம்பிக் கடலில் இறக்கினால்தான் ஆபத்து.

நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. முதலில் பிரித்துப் பாருங்கள். அசிட்டோன் நனைத்த துணியால் ஓரிடத்தை அழுத்தித் துடைத்து, ஈரம் காய்ந்ததும் நகத்தால் கீறுங்கள். பிசுக்கு துணியோடு வந்து அடியில் கடினமாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஜிபி ரெசினில் மெழுகு இருக்காது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் ரெசின் இறுகுவதைத் தடுப்பதால் லேசான பிசுக்கு நிற்கும். அடுத்த அடுக்கு நன்றாகப் பிடிக்க அது உதவவும் செய்கிறது. கடைசி அடுக்குக்கு மேல் பூசும் ரெசினில் மட்டும், கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி மெழுகுக் கரைசல் சேருங்கள். ஸ்டைரீனில் 5 சதவீதம் மெழுகு கரைத்ததாக இருக்க வேண்டும். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைத்துவிடும். நடு அடுக்குகளில் மெழுகு கூடாது, மேலே வருவது பிடிக்காமல் உரியும்.

நகம் இறங்கும் பக்கம்தான் உண்மையான பிரச்சினை. ஒரு பக்கம் மட்டும் என்பதால் அந்தப் பக்கத்துக்கு டப்பாவில் கலந்த கலவைமேல்தான் முதல் சந்தேகம். கணக்கைப் பாருங்கள். இரண்டடிக்கு ஓரடி இடத்தில் நான்கு அடுக்கு 450 மேட்டின் எடை சுமார் 330 கிராம். மேட்டைப் போல இரண்டரை மடங்கு ரெசின், அதாவது 800 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கேட்டலிஸ்ட் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. 200 கிராம் டப்பாவுக்கு வெறும் 2 முதல் 4 மில்லிதான்! மூடியில் ஊற்றிக் கண்ணால் அளந்தால் ஒரு டப்பாவுக்குப் பாதியும் மற்றதற்கு இரட்டிப்புமாகப் போவது சகஜம். மருந்துக்கடை சிரிஞ்சில் அளந்து, டப்பாவின் ஓரமும் அடியும் வழித்து ஒரு நிமிடம் முழுதாகக் கலக்குங்கள்.

வேலை செய்ய நேரம் கிடைக்கட்டும் என்று கேட்டலிஸ்ட்டை ஒரு சதவீதத்துக்குக் கீழே குறைப்பவர்கள் உண்டு. அது மெதுவாக இறுகும் என்பதில்லை, பல நேரம் கடைசிவரை முழுதாக இறுகவே இறுகாது. நேரம் வேண்டுமென்றால் சின்ன டப்பாவாகக் கலந்து, வெயில் ஏறுமுன் முடியுங்கள். அதிகம் ஊற்றினாலும் பலம் குறையும். நான்கு அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டிருந்தால் சூடேறி விரிசலும் விடும்.

அளவு சரிதான் என்றால், வாங்கிய ரெசினில் கோபால்ட் (கேட்டலிஸ்ட்டின் வேலையைத் தூண்டும் கரைசல்) கலந்திருந்ததா என்று கடையில் கேளுங்கள். கலக்காத ரெசின் சாதாரண வெப்பநிலையில் கேட்டலிஸ்ட் போட்டாலும் சும்மா கிடக்கும். தனியாகக் கோபால்ட் சேர்ப்பதானால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்: கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடமாவது தண்ணீர்விட்டுக் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த சந்தேகம் ஈரம். மழைக்காலத்தில் மேட் ஈரம் இழுத்துக்கொள்ளும், கடல்நீர் ஊறிய பழைய ஃபைபரும் அப்படியே. ஈரம் கோபால்ட்டை மந்தமாக்கும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஈரமோ காற்றோ சிக்கியிருக்கிறது. அசிட்டோன் சொட்டும் பிரஷ்ஷைக் காயவைக்காமல் ரெசினில் முக்குவதும், ரெசினை அசிட்டோன் விட்டு நீர்க்க வைப்பதும் இதே வேலையைச் செய்யும்.

இப்போது செய்ய வேண்டியது: வெயில் வந்தால் தார்ப்பாயை எடுத்துவிட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் தாள் போர்த்துங்கள். மழையென்றால் ஹாலஜன் விளக்கை இரண்டடி தள்ளி வையுங்கள். ஒட்டு கைக்கு நல்ல சூடாக நாலைந்து மணி நேரம் இருக்கட்டும். கேட்டலிஸ்ட் கொஞ்சம் குறைந்திருந்த இடம் இதில் தேறிவிடும். மறுநாளும் நகம் இறங்கினால் தயங்காமல் அந்தப் பகுதியைச் சுரண்டி எடுங்கள். இறுகாத ரெசின்மேல் புது அடுக்கு போட்டால் அடிப்பகுதி மெத்தென்றே இருக்கும்.

எடுத்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாக உலரவிட்டு, 40 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 12 மில்லிமீட்டர் வீதம் சரிவாக்குங்கள். மேட்டை வெயிலில் காயவையுங்கள். ஒட்டுவதற்கு முன் 100 கிராம் ரெசினில் 1.2 மில்லி கேட்டலிஸ்ட் விட்டுச் சோதியுங்கள். சுமார் 30 டிகிரி வெப்பத்தில் அரை மணிக்குள் ஜெல்லாகிச் சூடேற வேண்டும். ஆகாவிட்டால் ரெசின் பழசு அல்லது கோபால்ட் போதவில்லை, அதைப் படகில் போடாதீர்கள். இரண்டு அடுக்கு போட்டு, அது ஜெல்லாகிச் சூடு தணிந்தபின் மீதி இரண்டு. ஒரு வாரம் கழித்து நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல வந்தால் படகை இறக்கலாம். டொப்பென்று கேட்கும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது.