கூகுள் குவிஸ் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றலாமா?

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் 40 பேர். பின்னங்கள் பாடம் முடிந்ததும் கூகுள் ஃபார்மில் 10 வினாக்கள் கொடுத்து வீட்டிலிருந்தே எழுதச் சொல்லலாமா? அந்த மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே கற்றலை அளக்கும் மதிப்பீடு) சேர்க்கலாமா?

பதில்: குவிஸ் தாராளமாக நடத்துங்கள். மதிப்பெண்ணை மட்டும் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.

வீட்டில் எழுதியது மாணவரா, அண்ணனா, அம்மாவா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. வினா வரிசையைக் கலைத்துப் போட்டாலும் பெரிய பயனில்லை. வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் விடையையே அனுப்பிக்கொள்வார்கள். குருட்டாம்போக்கு வேறு இருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் 10 வினாக்களில், பாடமே தெரியாதவர் 5 அல்லது அதற்கு மேல் எடுக்க ஏறத்தாழ 8 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்றுமே தெரியாத 40 பேர் எழுதினால் மூன்று பேர் பாதி மதிப்பெண் வாங்கிவிடலாம். 20 வினாக்கள் வைத்தால் பாதி எடுக்கும் வாய்ப்பு 1.4 சதவீதமாகக் குறையும்.

குவிஸின் உண்மையான பலன் தவறான விடைகளில் இருக்கிறது. 1/2 + 1/3 என்று கேட்டு 5/6, 2/5, 1/6, 2/6 என விடைகள் கொடுங்கள். 2/5 என்பவர் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியிருக்கிறார். 1/6 என்பவர் பெருக்கியிருக்கிறார். 2/6 என்பவர் பொதுப் பகுதி கண்டுபிடித்துவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்திருக்கிறார். வாய்க்கு வந்த எண்களை நிரப்பினால் இதில் எதுவும் தெரியாது. சென்ற ஆண்டு விடைத்தாள்களைப் புரட்டி, பிள்ளைகள் செய்த பிழைகளையே விடைகளாக வையுங்கள். வினா தயாரிக்கும் நேரத்தில் முக்கால்வாசி இதற்கே போகும், போகட்டும்.

செட்டிங்ஸில் 'மேக் திஸ் எ குவிஸ்' என்பதை இயக்கி, ஒவ்வொரு வினாவிலும் 'ஆன்சர் கீ' அழுத்திச் சரியான விடையையும் மதிப்பெண்ணையும் குறிக்க வேண்டும். அங்கேயே தவறாக எழுதியவருக்கு ஒரு வரி விளக்கம் சேர்க்கலாம். பயிற்சிதான் என்பதால் முடிவு உடனே தெரியும்படி விடுங்கள். 'லிமிட் டு 1 ரெஸ்பான்ஸ்' வேண்டாம். அது கூகுள் கணக்குக்கு ஒரு முறைதான் அனுமதிக்கும்; ஒரே போனில் எழுதும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் வெளியே நிற்பார். பெயரோடு வரிசை எண்ணையும் கேட்டுவிட்டால் போதும்.

தட்டச்சு செய்யும் விடைகளைத் தவிர்ப்பது நல்லது. 5/6 என்பதை இடைவெளி விட்டு 5 / 6 என்று அடித்தாலும், அந்த வடிவத்தையும் நீங்கள் விடைக்குறிப்பில் சேர்த்திருக்காவிட்டால் மதிப்பெண் விழாது.

முடிந்ததும் 'ரெஸ்பான்சஸ்' பகுதியில் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, வினாவாரியான வரைபடத்தைப் பாருங்கள். பாதிப் பேர் 2/5 என்றால் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். ஐந்தாறு பேர் என்றால் அவர்களைத் தனியே உட்கார வைத்தால் சரியாகிவிடும். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு, மற்றவர்கள் சரியாகப் போட்ட வினா இருந்தால் முதலில் உங்கள் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். வினாவிலும் குழப்பம் இருக்கலாம்.

பதிவேட்டு மதிப்பெண்ணுக்கு மறுநாள் வகுப்பிலேயே, எண்களை மாற்றி இரண்டு கணக்குகளைத் தாளில் கொடுங்கள். படிகளுக்கும் மதிப்பெண் பிரித்துக் கொடுங்கள். குவிஸ் காட்டாதது அந்தப் படிகளைத்தான். இரண்டே கணக்குகள் என்பதால் 40 தாள்களையும் அன்றே திருத்திவிடலாம்.