பிரைமர் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தால்: சில கேள்விகள், என் பதில்கள்

டெக்சஸில் என் கராஜ் மூலையில் ஒரு பழைய மர மேசை இருக்கிறது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கேஸை மறுபடி நிரப்பும் ரீலோடிங் வேலையை அதில்தான் 12 வருஷமாகச் செய்து வருகிறேன். கேஸின் அடியில் இருக்கிற குழியில் பிரைமரை, அதாவது அடிபட்டதும் வெடித்துப் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடியை, உட்கார்த்துவதற்கு மேசையில் பொருத்தும் பிரைமிங் டூல் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, ரீலோடிங் பிரஸ்ஸிலேயே (கேஸை அமுக்கும் பெரிய கருவி) பிரைமர் போடும் வசதி இருக்கிறதே, தனியாக ஒரு டூல் எதற்கு? (டாலஸிலிருந்து, புதிதாகத் தொடங்கியவர்)

போடலாம் தம்பி, நானும் முதல் மூன்று வருஷம் அப்படித்தான் போட்டேன். ஆனால் பிரஸ்ஸின் லீவர் ரைஃபிள் கேஸையே அமுக்கி வடிவத்துக்குக் கொண்டுவருகிற அளவு பலமுள்ளது. அந்தப் பலத்துக்கு முன்னால் பிரைமர் சரியாக உட்கார்ந்ததா, கோணலாகப் போய் நசுங்கியதா என்பது கைக்குத் தெரியாது. குக்கர் மூடியைத் திருப்பும்போது கேஸ்கெட் சரியாக உட்கார்ந்ததைக் கை உணருமே, பிரைமரிலும் அதே உணர்வுதான் வேண்டும். கட்டைவிரலால் அமுக்கும் ஹேண்ட் டூலில் அது நன்றாகக் கிடைக்கும், ஆனால் இருநூறு கேஸ் போட்டதும் விரல் மூட்டு கெஞ்ச ஆரம்பித்துவிடும். மேசை டூல் இரண்டுக்கும் நடுவில்: லீவர் குட்டை, உணர்வும் போகாது, கையும் வலிக்காது.

எதை வாங்கலாம் சார்? மூன்று நான்கு இருக்கிறது, குழப்பமாக இருக்கிறது.

என்னிடம் இருப்பது ஆர்சிபிஎஸ் கம்பெனியின் பெஞ்ச் டூல். பிரைமர்களைக் குழாயில் அடுக்கிவைத்தால் ஒவ்வொன்றாக இறங்கி வரும், பிரஸ்ஸுக்கு வைத்திருக்கிற ஷெல் ஹோல்டரையே, அதாவது கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டையே, இதிலும் போடலாம். தோட்டா வகைக்கு ஏற்ப அதற்கு நம்பர் உண்டு: 223 ரைஃபிள் தோட்டாவுக்கு 10-ம் நம்பர், 308 ரைஃபிளுக்கும் 45 ஏசிபி பிஸ்டலுக்கும் 3-ம் நம்பர். ஃபார்ஸ்டர் கம்பெனி டூலில் ஷெல் ஹோல்டரே கிடையாது, தாடை மாதிரி இரண்டு துண்டுகள் கேஸைப் பிடித்துக்கொள்ளும், ஐந்தாறு வகை கேஸ் வைத்திருப்பவருக்கு அது சுகம். லீ கம்பெனி டூல் விலை குறைவு, குழாய்க்குப் பதில் தட்டு. ஆனால் லீயின் பழைய ஆட்டோ பிரைம் ஹேண்ட் டூலுக்கு ஷெல் ஹோல்டரே தனி வகை, பிரஸ்ஸில் போடுவது அதில் பொருந்தாது, செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழத்தை நூலளவு கூட்டிக் குறைக்கிற பந்தயக் கருவிகளும் பல நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. ஆயிரம் கெஜத்தில் காகிதத்தில் ஒரே ஓட்டைக்குள் சுட நினைப்பவர் வாங்கட்டும், மாதம் நூறு ரவுண்டு சுடுகிற நமக்கு அந்தக் காசுக்குப் பிரைமரே வாங்கிவிடலாம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன், மேசை ஆடக்கூடாது. மடக்கு மேசையில் பொருத்திவிட்டு டூலைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். லீவரை அமுக்கும்போது பலகையும் சேர்ந்து வளைந்தால் கைக்கு எது தெரியும்? முக்கால் அங்குல பிளைவுட் துண்டில் போல்ட் போட்டு, அதை மேசையோடு இரண்டு சி கிளாம்பால் இறுக்கினாலே போதும்.

சில கேஸ்களில் பிரைமர் முழுசாக இறங்கவில்லை, விரலால் தடவினால் மேடாக இருக்கிறது. டூல் பழுதா?

இதே கேள்வி ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. டூலைக் கழற்றுவதற்கு முன் கேஸைப் பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை குற்றம் கேஸில்தான் இருக்கும்.

பிரைமர் மேல்மட்டம் கேஸின் அடிப்பகுதியை விட 0.003-லிருந்து 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே அன்வில் என்று மூன்று கால் கொண்ட சிறு தகடு இருக்கிறது, அதன் கால்கள் பாக்கெட்டின் (பிரைமர் உட்காரும் குழியின்) தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாவிட்டால், துப்பாக்கியின் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) முதலில் அடிக்கும்போது அந்த அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்காது. இரண்டாம் அடியில் வெடிக்கும். "என் துப்பாக்கி ஸ்பிரிங் வீக்" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. ரிவால்வராக இருந்தால் சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்ளும். எம்1 கேரண்ட், எஸ்கேஎஸ் மாதிரி ஃபயரிங் பின் தளர்வாக ஆடுகிற துப்பாக்கிகளில் மேடான பிரைமர் உண்மையிலேயே ஆபத்து, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் துப்பாக்கியின் போல்ட் மூடும் வேகத்திலேயே, டிரிகர் தொடாமலே, தோட்டா வெடித்துவிட வாய்ப்பு உண்டு.

பாக்கெட் தரையில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள், சுரண்டிவிட்டுப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அப்புறம் ஷெல் ஹோல்டர் பள்ளம். அங்கே ஒரு பித்தளைச் சீவல் கிடந்தாலும் கேஸ் சாய்ந்து நிற்கும், பிரைமர் கோணலாக நுழையும், ஒரு பக்கம் மட்டும் சீவிக்கொண்டு போகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள், எண்ணெய் விடாதீர்கள். தள்ளுகிற பஞ்ச் முழு உயரம் வருகிறதா, சின்னதுக்குப் பதில் பெரியது மாட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடைசியாக வெட்கக்கேடான காரணம் ஒன்று, எனக்கே நடந்தது. லார்ஜ் ரைஃபிள் பிரைமரும் லார்ஜ் பிஸ்டல் பிரைமரும் அகலத்தில் ஒன்று, 0.210 அங்குலம். ஆனால் ரைஃபிளுடையது உயரம் அதிகம். பிஸ்டல் கேஸில் அதைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் டூலைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பவுடரும் புல்லட்டும் போட்டு முடித்த தோட்டாவில் பிரைமர் மேடாகத் தெரிந்தால் மட்டும், தயவுசெய்து, அதை மறுபடி டூலில் வைத்து அமுக்காதீர்கள். முதலில் புல்லட்டைக் கழற்றிப் பவுடரைக் கொட்டுங்கள்.

45 ஏசிபி போடும்போது திடீரென்று ஒன்று மட்டும் நுழையவே இல்லை, பலமாக அமுக்கினேன், பிரைமர் நசுங்கிவிட்டது. (ஹூஸ்டன்)

பலமாக அமுக்கினதுதான் தப்பு. சுடும் ரேஞ்சில் பொறுக்கின பிராஸா (பித்தளைக் கேஸா)? 45-ல் பெரும்பாலானவை லார்ஜ் பிரைமர், ஆனால் பிளேஸர் போன்ற சில பிராண்டுகளில் ஸ்மால் பிரைமர் பாக்கெட்டும் வருகிறது. ஸ்மால் என்றால் 0.175 அங்குலம். கலந்து கிடந்தால் கண்ணுக்குச் சட்டென்று படாது. போடுவதற்கு முன் எல்லாவற்றையும் குப்புறக் கவிழ்த்து ஒரு தட்டில் பரப்புங்கள், சின்ன ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். வழக்கத்தை விட லீவர் கனத்தால் நிறுத்துங்கள், கேஸை எடுத்துப் பாருங்கள்.

லேக் சிட்டி 5.56 பிராஸ் ஆயிரம் சும்மா கிடைத்தது. ஒன்றில்கூடப் பிரைமர் நுழையவில்லை.

லேக் சிட்டி 5.56 ராணுவத் தோட்டா. ராணுவத் தோட்டாவில் பிரைமர் கழன்று விழாமல் இருக்க பாக்கெட்டின் விளிம்பை உள்பக்கமாக அமுக்கிவிடுவார்கள், அதுதான் கிரிம்ப். ஸ்வேஜரால் அந்த விளிம்பை மறுபடி அகட்டலாம், ரீமரால் வெட்டியும் எடுக்கலாம். எனக்கு ஸ்வேஜர்தான் பிடிக்கும், ரீமர் கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டால் பாக்கெட் லொடலொடவென்று ஆகிவிடும். ஒரு தடவை செய்தால் அந்தக் கேஸுக்கு ஆயுளுக்கும் போதும். ஆயிரமா? நல்ல பாட்டு போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

எனக்கு நேர் எதிர் பிரச்சனை, பிரைமர் தானாகவே வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது.

அந்தக் கேஸின் காலம் முடிந்தது. அதிக அழுத்தத்தில் பலமுறை சுட்டதால் பாக்கெட் விரிந்துவிட்டது. பசை, நெயில் பாலிஷ் யோசனையெல்லாம் வேண்டாம், பழைய பித்தளைக்குப் போடுங்கள். புது கேஸிலேயே சீக்கிரம் இப்படி ஆனால் பவுடர் அளவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

குழாயில் நூறு பிரைமர் அடுக்கியிருக்கும்போது வெடித்தால்?

பயம் நியாயமானதுதான். ஒன்று வெடித்தால் மேலே அடுக்கியிருப்பவையும் வரிசையாக வெடிக்கலாம். நசுங்கினதையோ குறுக்கே மாட்டினதையோ பலவந்தமாகத் தள்ளும்போதுதான் பெரும்பாலும் அது நடக்கும். மாட்டிக்கொண்டால் கம்பியால் குத்தாதீர்கள், முதலில் மீதிப் பிரைமர்களை டூலிலிருந்து அப்புறப்படுத்துங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த மேசைக்கு என் மகனையே நான் விடுவதில்லை. தட்டு வைத்த தன் பழைய டூல்களில் ஃபெடரல் கம்பெனி பிரைமர் போடாதே என்று லீ கம்பெனியே எச்சரித்திருந்தது, அதனால் டூலோடு வரும் தாளைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு தடவை படியுங்கள். மிச்சம் இருப்பதை ஊறுகாய் பாட்டிலில் கொட்டி வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், கம்பெனி டப்பாவிலேயே இருக்கட்டும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிரைமர் கலவையில் ஈயம் இருக்கிறது.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். டூல் வாங்கிப் பழகலாமா?

டூல் வெறும் இரும்பு, பிரைமர் அப்படி இல்லை. அமெரிக்க மத்திய சட்டத்தில் 'அம்யூனிஷன்' என்ற சொல்லுக்குள் பிரைமர், காலி கேஸ், புல்லட், பவுடர் எல்லாமே அடக்கம். குடியேறாத விசாவில் (எச்1பியும் அதுதான்) இருப்பவர் துப்பாக்கியோ அம்யூனிஷனோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. "நண்பன் வீட்டில் ஒரு டப்பா வாங்கி வந்தேன்" என்பது பிற்பாடு கிரீன் கார்டு நேரத்தில் எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வந்தவருக்கு மத்திய சட்டத்தில் இந்தத் தடை கிடையாது, சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய லைசென்ஸும் வேண்டாம், விற்கத்தான் வேண்டும். மாநில விதிகளைத் தனியாகப் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது கோயம்புத்தூர் மாமாவுக்குக் கொஞ்சம் பிரைமர் எடுத்துப் போகலாமா? அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது.

கூடாது. பிரைமரைக் கையில் கொண்டுபோகும் பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, விமானத்தில் ஏற்ற அனுமதியே கிடையாது. அங்கேயும், 1959-ன் ஆயுதச் சட்டம் 5-ம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கிற லைசென்ஸ் அதற்கு ஆகாது. மாமாவுக்கு முந்திரி சாக்லேட் வாங்கிக்கொண்டு போங்கள்.

தலைகீழாகப் போய் உட்கார்ந்த பிரைமரை என்ன செய்வது?

கேஸ் காலியாக இருந்தால், கண்ணாடி போட்டுக்கொண்டு, பிரைமரை வெளியே தள்ளும் ஊசி உள்ள டீபிரைமிங் டையில் மெதுவாக, இடிக்காமல், நிதானமாக அமுக்கி வெளியே எடுங்கள். எடுத்ததை மறுபடி பயன்படுத்தாதீர்கள். அடுத்த தடவை தட்டை ஆட்டிய பிறகு, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள்.